‘வாசித்தவர்’ என்ற கட்டம்

பிப்ரவரி 10, திங்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த நோட்டு, பேராலயத்து ஆர்கனின் கோளாறுகளை எழுதி வைப்பதற்காக எங்கள் பாதிரியார் ஐயர் வாங்கிக் கொடுத்தது. “அடுத்து யாரு வந்தாலும் தெரியணும்லா, என்னென்ன மக்கர் பண்ணுதுன்னு ஒண்ணு விடாம எழுதி வையிம்மா” என்றார். கோளாறுகளை மட்டும் எழுதினால் நான்கு பக்கத்தில் முடிந்துவிடும். மீதிப் பக்கங்கள் சும்மா கிடக்கின்றன என்பதைத் தவிர நான் எழுதுவதற்கு வேறு நியாயம் இல்லை. கோளாறுகளுக்கு அடியில் கோடு போட்டிருக்கிறேன். அடுத்து வருபவர் அவற்றை மட்டும் படித்துக்கொள்ளலாம். அடுத்து வருவது நானாகவே இருந்தால் யாரும் எதையும் படிக்க வேண்டியதில்லை.

கோளாறு: மேல் வரிசையின் நடு எஃப் கட்டை, மழைக்காலத்தில் அழுத்தினால் எழும்பாது. பக்கத்து விரலால் கீழிருந்து தட்டிவிட வேண்டும்.

கோளாறு: ஆர்கனிஸ்டுக்கு முன்னால் உள்ள கண்ணாடி சாய்ந்திருக்கிறது. அதில் ஐயரின் தலை மட்டும்தான் தெரியும். தலை குனிந்தால் ஜெபம். நிமிர்ந்தால் பாட்டு.

சனிக்கிழமை யேசுவடியான் சாரை அடக்கம் செய்தோம். பர்னபா பேராலயத்துக்கு முப்பத்தோரு வருடம் ஆர்கனிஸ்டாக இருந்தவர். கடைசி மூன்று வருடம் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்து படுக்கையில் இருந்தார். அந்த மூன்று வருடமும் நான் வாசித்தேன். அடக்க ஆராதனைக்கும் நான்தான் வாசித்தேன். எல்லோரும் கல்லறைக்குப் போன பிறகு காற்று மோட்டாரை நிறுத்தி, பதிவேட்டை நிரப்பி, ஆர்கன் இருக்கும் மாடியின் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் அம்மாவுக்கு பீடி இலை நறுக்கிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆராதனை முடிவில், கோயிலை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் செயலாளர் ஆசீர் வக்கீல் அறிவிப்பு வாசித்தார். ஆர்கனிஸ்ட் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். நியமனம் பெறுபவர் ஈஸ்டர் அன்று பொறுப்பேற்பார். தகுதி: பெரிய இசைப் பரீட்சை ஏதாவது தேறியிருக்க வேண்டும், அல்லது பேராலயப் பதிவேட்டின்படி மூன்று வருடம் வாசித்த அனுபவம் இருக்க வேண்டும்.

பரீட்சை நான் எழுதவில்லை. விடுதியில் தங்கிப் படித்தபோது ஜெபக்கூடத்து ஆர்மோனியத்தில் தொடங்கியது என் வாசிப்பு. பி.காம். தேறியிருக்கிறேன், எங்கள் குடும்பத்தில் முதல் ஆள். அது இதற்கு உதவாது. மூன்று வருட அனுபவம் இருக்கிறது. ஆனால் பதிவேட்டின்படி இல்லை.

பதிவேடு என்பது ஆர்கன் பக்கத்திலேயே இருக்கும் பெரிய சிவப்பு அட்டைப் புத்தகம். தேதி, ஆராதனை, பாட்டு எண்கள், ‘வாசித்தவர்’ என்று நான்கு கட்டம். சார் விழுந்த முதல் வாரம், அப்போதிருந்த பழைய ஐயர், “அவர் பேரையே போட்டுட்டு வாம்மா. எப்படியும் எழும்பி வந்திருவார்” என்றார். ஆர்கனிஸ்ட் வேலையில் இருக்கும்வரைதான் அவர் குடும்பம் கோயில் வீட்டில் இருக்கலாம் என்பது விதி. நானும் போட்டேன். பழைய ஐயர் மாற்றலாகிப் போனார். சார் எழும்பவில்லை. நான் போட்டுக்கொண்டே இருந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். பீடிக்கு நூல் கட்டிக்கொண்டே கேட்டாள்.

“ஏட்டி, கட்டத்துல ஒன் பேரை எழுத மசி தீந்து போச்சா?”

“சார் குடும்பத்தை வீட்டை விட்டு எறக்கிருவாங்கம்மா.”

“அப்போ நீ எறங்கு.”

வேலை கிடைக்காவிட்டால் என்ன என்று அம்மா நினைக்கிறாள். நர்சரிப் பள்ளியில் எனக்கு எல்.கே.ஜி. பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் வயலின்காரருக்கு வேலை போனாலும் வயலின் அவர் வீட்டில் இருக்கும். ஆர்கனை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. மாடிக் கதவின் சாவி ஆர்கனிஸ்ட் ஒருவரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். எண்பது மைல் சுற்றுவட்டாரத்தில் வேறு ஆர்கன் இல்லை.

பிப்ரவரி 19, புதன்

விண்ணப்பத்தில் ‘அனுபவம்’ என்ற இடத்தை நான்கு முறை எழுதி அடித்தேன். கடைசியில் “மூன்று வருடம் (பதிவேட்டில் இல்லை)” என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் நானே நம்ப மாட்டேன்.

பிப்ரவரி 22, சனி

யாராவது எழுத்தில் சாட்சி சொன்னால் போதும் என்று ஐயர் சொன்னார். அதனால் சாரின் மனைவி கனகமணி டீச்சரைப் பார்க்கப் போனேன். வாசலில் கல்வெட்டுகிற ஆள் ஒருவர் தாளில் எழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தார். கல்லறைக் கல்லுக்கு வாசகம். ‘இறுதி ஞாயிறு வரை ஆர்கன் இசைத்துக் கர்த்தரைத் துதித்தவர்.’

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் அந்தத் தாளைக் காட்டினார்.

“வாசிச்சியா?”

“வாசிச்சேன் டீச்சர்.”

“நீதான் வாசிச்சேன்னு நான் கடிதம் குடுத்தா, இந்தக் கல்லை நான் எங்க கொண்டு வைக்க?”

“ஒரு வருஷத்துக்கு மட்டும் குடுத்தாக்கூட…”

“மே மாசம் வரைக்கும் வீட்டுல இருக்க விட்டிருக்காங்க. பேரனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. வேலை பாக்காமலே மூணு வருஷம் இருந்தோம்னு கையெழுத்துப் போட்டா, நாளைக்கே சாமானைத் தெருவுல வச்சிருவான் வக்கீலு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ படிச்ச பிள்ள. ஒனக்கு வேற ஏதாவது கெடைக்கும். அவருக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு. நீ அவருக்குக் கைக்கு ஒத்தாசையா இருந்த, இல்லன்னு சொல்லல.”

கிளம்பும்போது ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. வழியெல்லாம் அதை நசுக்காமல் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 26, புதன்

பாட்டுப் பயிற்சி. பாடகர் குழுவில் இருபத்தாறு பேர். எல்லோருக்கும் தெரியும் யார் வாசித்தது என்று. பாஸ் என்னும் கீழ்க்குரலில் பாடுகிற தேவஇரக்கம் மாமா, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். குழுவில் மூத்தவர். அவர் கையெழுத்துப் போட்டால் மற்றவர்களும் போடுவார்கள்.

“போடலாம் தாயி. போட எனக்கென்ன, கை நடுங்குதா? எங்க மருமவன் நெலத்து வழக்கு ஆசீர் வக்கீல்கிட்டல்லா இருக்கு. அது முடிஞ்ச மறுநாளு போடுதேன்.”

“அது எப்போ முடியும் மாமா?”

“பதினோரு வருஷம் ஆயிருக்கு. இன்னும் கொஞ்சந்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் நன்றாகப் பாடினார்கள்.

மார்ச் 2, ஞாயிறு

கோளாறு: மின்சாரம் போனால் ஜெனரேட்டர் வர மூன்று நிமிடம் ஆகும். காற்று மோட்டார் நின்றால் குழாய்களில் காற்று இல்லை. ஆர்கன் வாய் திறக்காது.

இன்று அதுதான் நடந்தது. இரண்டாம் பாட்டின் இரண்டாம் சரணத்தில் மின்சாரம் போயிற்று. ஆர்கன் முனகி நின்றது. சபை நிற்கவில்லை. அறுநூறு பேர் துணையில்லாமல் பாடிக்கொண்டே போனார்கள். துணையில்லாமல் பாடினால் சுருதி இறங்கும். யாருக்கும் தெரியாமல் மெல்ல மெல்ல இறங்கும். வயலில் தண்ணீர் வற்றுவது மாதிரி.

நான்காம் சரணத்துக்கு முன் காற்று வந்துவிட்டது. பாட்டு தொடங்கியது ஜி சுருதியில். அவர்கள் இப்போது அரைச்சுரம் கீழே, எஃப் ஷார்ப்பில் இருந்தார்கள். தாளில் உள்ளபடி வாசித்தால் அறுநூறு பேர் மேல் கல்லெறிந்த மாதிரி இருக்கும். வாசிக்காமல் இருந்துவிடலாம். அதைத்தான் எல்லோரும் செய்வார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, தாளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அரைச்சுரம் கீழே தொடங்கினேன். ஐந்து கறுப்புக் கட்டைகளும் வரும். காலால் அழுத்தும் கீழ் வரிசையிலும் கால்கள் கறுப்புக் கட்டைகளைத் தேடிப் போக வேண்டும். ஐந்தாம் சரணம் முடியும்வரை ஒரு பிசகும் இல்லை. முடிந்தபோது என் சேலை முதுகில் ஒட்டியிருந்தது.

படியிறங்கும்போது வக்கீலின் மனைவி, “இன்னைக்குக் கரண்டு போனது நல்லதாப் போச்சு, ஆர்கன் எரைச்சல் இல்லாம பாட முடிஞ்சுது” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் மீண்டும் சேர்ந்தது அவருக்குத் தெரியவில்லை. தெரியாமல் சேர்வதுதான் அந்த வேலை. ஆகவே நான் வருத்தப்படக் கூடாது.

பதிவேட்டில் பெயர்க் கட்டத்தைச் சார் போன பிறகு வந்த ஞாயிறுகளுக்குக் காலியாகவே விட்டு வருகிறேன். என் பெயரை எழுத யாரும் சொல்லவில்லை.

மார்ச் 5, சாம்பல் புதன்

காலையும் மாலையும் வாசித்தேன். கால் வலி.

மார்ச் 15, சனி

இன்று கமிட்டி கூப்பிட்டது. எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதுகிறேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒன்பது பேர். ஐயர் நடுவில். ஆசீர் வக்கீல் சிவப்புப் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார்.

“மூணு வருஷம் வாசிச்சேன்னு எழுதியிருக்க. ஒன் பேரு ஒரு எடத்துலகூட இல்லையேம்மா.”

“எழுதினது நான்தான் சார். யேசுவடியான் சார் பேரைப் போட்டேன்.”

“எழுதினது நீ. வாசிச்சது?”

நான் ஐயரைப் பார்த்தேன். ஐயர் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் தலையைப் பார்த்துத்தான் நான் பாட்டைத் தொடங்குகிறேன்.

“கீழ நிக்கிற எனக்கு மேல யாரு உக்காந்திருக்காங்கன்னு தெரியாதே” என்றார் ஐயர். பொய் இல்லை. கீழிருந்து பார்த்தால் ஒரு முதுகுதான் தெரியும்.

வக்கீல் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.

“பிப்ரவரி எட்டு. அடக்க ஆராதனை. வாசித்தவர், ஏ. யேசுவடியான்.”



“அன்னைக்கு அடக்கம் யாருக்கு?”

“அவருக்குத்தான்” என்றார் ஐயர்.

“அப்போ பெட்டிக்குள்ள இருந்து எழும்பி வந்து, படியேறி வாசிச்சிட்டு, திரும்பப் போய்ப் படுத்துக்கிட்டாரா?”

முதலில் பெண்கள் ஐக்கியத் தலைவி சிரித்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. பிறகு எல்லோரும். ஒருவர், “செத்த லாசரு எழும்ப நாலு நாளு ஆச்சு, இவரு அவனைவிட வேகம்” என்றார். நானும் சிரித்தேன். இத்தனை பெரியவர்கள் சிரிக்கும்போது சிரிக்காமல் நிற்பது மரியாதை இல்லை என்று தோன்றியது.

அந்த வரியை எழுதிய நினைவே எனக்கு இல்லை. மோட்டாரை நிறுத்தினேன், பேனாவை எடுத்தேன். நூற்றைம்பது ஞாயிறு எழுதிய கை, நூற்றைம்பத்தோராம் முறையும் எழுதிவிட்டது.

ஆனால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சந்தோஷமாக இருந்தது. செத்தவர் வாசிக்க முடியாது. ஆகவே வேறு யாரோ வாசித்திருக்கிறார்கள். இனி அவர்கள் கேட்டே ஆக வேண்டும், யார் என்று.

வக்கீல் அதைக் கேட்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் புத்தகத்தை மூடினார்.

“இதுக்குப் பேரு என்ன தெரியுமா? கோயில் பதிவேட்டுல பொய் எழுதுறது. இது ஒண்ணு பொய்யின்னா மத்ததையும் எப்படி நம்ப? யாரு சொல்லி எழுதின?”

பழைய ஐயர் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குப் பின்னாலேயே அந்தப் பையனின் பத்தாம் வகுப்புப் பரீட்சையும், மே மாதமும் வந்தன.

“பழக்கத்துல எழுதிட்டேன் சார்” என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

வாசித்தேன்.

மார்ச் 19, புதன்

பயிற்சிக்கு வந்ததும் தேவஇரக்கம் மாமா, “ஏ சுகிர்தா, நான் செத்தா நானே பாஸ் பாடினேன்னு எழுதிராத தாயி, வூட்டுல நம்ப மாட்டா” என்றார். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு, யாரும் பார்க்காதபோது, ஒரு மிட்டாயை ஆர்கன் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 23, ஞாயிறு

முடிவு சொல்லிவிட்டார்கள். சென்னையிலிருந்து ரோஹன் எபனேசர் என்பவர் வருகிறார். லண்டன் இசைப் பரீட்சையில் எட்டாம் கிரேடு. அவர் தாத்தா இந்தக் கோயில் மணிக்கூண்டைக் கட்டிக் கொடுத்தவர். என் மேல் நடவடிக்கை வேண்டாம், மன்னிப்புக் கடிதம் போதும் என்று ஐயர் கேட்டுக்கொண்டாராம். ஈஸ்டருக்கு முந்திய நாள்வரை நான் ‘ஒத்தாசையாக’ வாசிக்கலாம்.

மன்னிப்புக் கடிதம் மூன்று பிரதி எழுதிக் கொடுத்தேன். நகல் கடையில் எடுத்தால் போதாது, மூன்றும் கையெழுத்தில் வேண்டும் என்றார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று குமாஸ்தா சொன்னார்.

அம்மா இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று சோறு போடும்போது மட்டும், “சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா, அந்த ஐயர் பேரை” என்றாள்.  “ஒன்னயப் படிக்க வச்சதுக்கு வாயையும் சேத்து வாங்கிக் குடுத்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு, என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.

மார்ச் 30, ஞாயிறு

கோளாறு: கால்கட்டைகளில் இடமிருந்து மூன்றாவது, அழுத்தும்போது எலி மாதிரி கிறீச்சிடும். மெழுகு தேய்த்தால் பத்து நாள் தாங்கும். மெழுகுவர்த்தித் துண்டுகளை இருக்கைக்கு அடியில் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ரோஹன் சார் மத்தியானம் ஆர்கனைப் பார்க்க வந்தார். என்னைவிட இரண்டு வயது சின்னவராக இருப்பார். ஐயர் என்னைக் கதவைத் திறந்துவிடச் சொன்னார்.

செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்து, எங்கோ படித்த ஒரு பெரிய உருப்படியை மனப்பாடமாக வாசித்தார். நல்ல விரல்கள். பொய் சொல்ல மாட்டேன், மிக நல்ல விரல்கள். பியானோவில் வளர்ந்த விரல்கள். அவர் வாசித்து முடித்த பிறகும் கால்கட்டைகள் தொடப்படாமலே இருந்தன.

“அக்கா, இந்தக் கீழ இருக்கிறதையும் வாசிச்சே ஆகணுமா?”

“வாசிச்சா நல்லா இருக்கும் சார்.”

“வாசிக்கலைன்னா?”

“யாரும் கேக்க மாட்டாங்க.”

அவர் சிரித்தார். நல்லவர்தான். சபை ஏன் ஆர்கனுக்கு இவ்வளவு பிந்திப் பாடுகிறது, போன தடவை விடுமுறையில் வந்தபோது கவனித்தேன் என்றார். இவ்வளவு நீளக் கோயிலில் சத்தம் கடைசி பெஞ்சுக்குப் போய்த் திரும்பி வர நேரம் ஆகும், அவர்கள் பாடுவதைக் கேட்டுக் கேட்டு வாசித்தால் பாட்டு இழுபட்டுச் செத்துப்போகும், காதை மூடிக்கொண்டு முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னேன். நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவருக்கும் ஆச்சரியம். “நீங்க இங்க யாரு அக்கா?”

“பாடகர் குழுவுல ஆல்டோ” என்றேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனி கோயிலைச் சுற்றி வந்து சேரும்வரை பதினெட்டு நிமிடம் விடாமல் வாசித்தேன். கண்ணாடியில் ஐயர் தலைக்குப் பின்னால் ஓலைகள் அசைந்தன.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பெரிய வெள்ளி அன்று ஆர்கன் வாசிப்பதில்லை. அது இங்கே பழைய வழக்கம். மூன்று மணி நேரமும் கீழே, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாடினேன். போன வருடங்களில் இந்த நாளிலும் மாடியிலேயே உட்கார்ந்திருப்பேன். மூன்று வருடத்தில் முதல் முறையாகச் சபையின் நடுவிலிருந்து சபையைக் கேட்டேன். சுருதி இறங்கிக்கொண்டே போனது. நானும் கூடவே இறங்கினேன்.

அம்மா என் மடியைப் பார்த்துவிட்டு, “காலை ஆட்டாத, எல்லாரும் பாக்காக” என்றாள்.

ஏப்ரல் 19, சனி

ரோஹன் சாருக்கு,

நாளைக் காலை நாலரை மணிக்கு ஈஸ்டர் ஆராதனை. முதல் பாட்டுக்கு ஐயர் தலை நிமிர்வதற்குக் காத்திருக்க வேண்டாம். நாளை மட்டும் மணி அடித்து ஓய்ந்ததும் தொடங்கிவிட வேண்டும். இன்று மாலை சாவியை ஆசீர் வக்கீல் வீட்டில் கொடுத்துவிடுவேன். இந்த நோட்டை ஆர்கன் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். கோடு போடாத இடங்களையும் நீங்கள் படித்திருந்தால், நான் ஆல்டோ இல்லை என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அன்று பொய் சொன்னதற்கு மன்னிக்கவும். நான் எழுதிய, சொன்ன பொய்களிலேயே அதுதான் யாருக்கும் உதவாத பொய்.

பதிவேட்டில் எதையும் திருத்த வேண்டாம். டீச்சர் வீட்டுப் பையனுக்கு இன்னும் பரீட்சை முடிவு வரவில்லை. கல்லும் நட்டாயிற்று. உங்கள் பெயரை மட்டும் முதல் நாளிலிருந்தே மறக்காமல் எழுதிவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும் என்று இருபது நாளாக இருக்கிறேன். கால்கட்டைக் குழாய்களுக்கு வாரம் ஒருமுறையாவது காற்றுப் போக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே குளவி கூடு கட்டும், அதற்கு ஒரு ஆள் தேவை என்று எழுதலாம் என நினைத்திருந்தேன். அது உண்மைதான். ஆனால் அது சாக்கு.

செவ்வாய்க்கிழமைகளில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கோயிலில் யாரும் இருக்க மாட்டார்கள். எனக்குப் பள்ளி ஒன்றரைக்கு முடிந்துவிடும். ஒரு மணி நேரம் போதும். சாவி எனக்கு வேண்டாம், அது உங்களிடம்தான் இருக்க வேண்டும். சத்தம் வெளியே கேட்டால் உங்களுக்குச் சங்கடம் என்று தெரியும். அதனால் காற்று மோட்டாரைப் போட மாட்டேன். காற்றில்லாமல் கட்டைகளை மட்டும் அழுத்திக்கொள்கிறேன். என் கால்கள் மறந்துவிடாமல் இருந்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை மட்டும், மாடிக் கதவைப் பூட்டாமல் விட்டுவைப்பீர்களா?